விதியா மதியா? கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈடிபஸ் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி "பாவம், அவன் மேல் என்ன தப்பு?" என்பதுதான். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துக் கேள்விகள் வரும். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பேசப்போவது கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் டயனைசஸ் தெய்வத்தின் விழாவில் அரங்கேறிய நாடகங்களைப் பற்றி. எழுதியவர்கள் ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிபிடிஸ் ஆகிய மூவர். அவர்கள் எழுதிக் குவித்ததில் முழுசாக நமக்குக் கிடைப்பவை முப்பதுக்குச் சற்று மேல்தான்.

ஈடிபஸ் கதையே தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தீப்ஸ் நகர அரசன் லாயஸ். அவனுக்கும் யொகாஸ்டாவுக்கும் பிறக்கும் பிள்ளையின் கையால்தான் அவனுக்குச் சாவு என்று டெல்ஃபி கோயிலிலிருந்து அப்போலோ தெய்வத்தின் வாக்கு வருகிறது. ஆண் குழந்தை பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, கணுக்கால்களைக் குத்திப் பிணைத்து, மலையில் போட்டுவிட்டு வா என்று ஓர் இடையனிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவனுக்கு மனசு வரவில்லை. பக்கத்து மேய்ச்சலுக்கு வந்த கொரிந்து ஊர் இடையனிடம் குழந்தையைக் கொடுத்துவிடுகிறான். பிள்ளையில்லாத கொரிந்து அரசன் பாலிபஸ் அதைத் தன் மகனாக வளர்க்கிறான். கால் வீங்கியவன் என்பதுதான் ஈடிபஸ் என்ற பெயருக்கே பொருள்.

வளர்ந்த பிறகு ஒரு விருந்தில், குடித்துவிட்டு உளறிய ஒருவன் "நீ உன் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை" என்று சொல்லிவிடுகிறான். அது உறுத்திக்கொண்டே இருக்க, ஈடிபஸ் டெல்ஃபிக்குப் போய்க் கேட்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மாறாக, நீ உன் அப்பனைக் கொல்வாய், அம்மாவை மணப்பாய் என்று வாக்கு வருகிறது. இனி கொரிந்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று வேறு திசையில் நடக்கிறான். மூன்று பாதைகள் கூடும் இடத்தில், வண்டியில் வந்த ஒரு கிழவர் வழியை விட்டு விலகு என்று தகராறு செய்து, தார்க்குச்சியால் உச்சந்தலையில் அடிக்கிறார். இவன் கைத்தடியால் திருப்பி அடிக்க, கிழவர் செத்து விழுகிறார், கூட வந்தவர்களையும் கொல்கிறான். ஒருவன் மட்டும் தப்பி ஓடுகிறான். அப்புறம் தீப்ஸுக்கு வந்து, ஊரை வதைத்துக்கொண்டிருந்த ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை அவிழ்க்கிறான். பரிசாக அரியணையும், கணவனை இழந்த ராணியும். கிழவர் யார், ராணி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகம் இதற்கெல்லாம் பல வருடம் கழித்து, ஊரில் கொள்ளைநோய் பரவி மக்கள் அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு காலையில் தொடங்குகிறது. லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து வெளியேற்றினால்தான் நோய் தீரும் என்கிறது டெல்ஃபி.

எல்லாமே முன்கூட்டியே முடிவாகிவிட்டது என்றால் அவன் வெறும் பொம்மைதானே?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

டெல்ஃபி அவனுக்குச் சொன்னது முக்கியமாக இரண்டு செயல்கள்: கொலை, திருமணம். நாடகம் தொடங்கும்போது அந்த இரண்டும் நடந்து முடிந்துவிட்டன. மேடையில் நாம் பார்ப்பது அவற்றை அல்ல, அவற்றை அவன் தோண்டி எடுப்பதை. அந்தத் தோண்டலில் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் போதும், நிறுத்து என்கிறார். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் "என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு, அதுதான் உனக்கும் நல்லது எனக்கும் நல்லது" என்கிறார். யொகாஸ்டா உண்மையைப் புரிந்துகொண்ட நொடியில் "உன் உயிர் மேல் உனக்கு அக்கறை இருந்தால் இதைத் தேடாதே" என்று கெஞ்சுகிறாள். கடைசியாக அந்தப் பழைய இடையன் வாயைத் திறக்கவே மறுக்கிறான். ஈடிபஸ் அந்தக் கிழவனின் கையைப் பின்னால் முறுக்கச் சொல்கிறான். அப்போது நடக்கும் இரண்டு வரிப் பேச்சு இது. இடையன்: "ஐயோ, சொல்லக் கூடாத இடத்தின் விளிம்புக்கு வந்துவிட்டேன்." ஈடிபஸ்: "நானும் கேட்கக் கூடாத இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்."

பொம்மை இப்படிப் பேசாது. கிழவன் அடுத்து வாய் திறந்தால் தன் வாழ்க்கை முடிந்தது என்று அந்த நேரத்தில் அவனுக்கு முக்கால்வாசி தெரியும். கிழவனை விட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலைகாரனைத் தேடு என்று தொடங்கிவைத்ததே அப்போலோதான். "நான் மூடி மறைத்தாலும் வருவது வரத்தான் போகிறது" என்று டைரீசியஸும் சொல்கிறார், நீ குருடனாகப் போவாய் என்றும் சொல்லிவிடுகிறார். ஆகவே தேடல் முழுக்க அவனுடைய சொந்த முடிவு, தெய்வத்துக்கு அதில் பங்கே இல்லை என்று சொன்னால் நாடகத்தை நம் வசதிக்கு வளைக்கிறோம் என்று அர்த்தம். யொகாஸ்டா தூக்கில் தொங்கிய பிறகு, அவள் ஆடையில் குத்தியிருந்த ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் குத்திக்கொண்டு வருகிறான். எந்தத் தெய்வம் உன்னை இப்படித் தூண்டியது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவன் பதில்: "அப்போலோ, நண்பர்களே, அப்போலோதான் என் இந்தத் துன்பங்களையெல்லாம் நிறைவேற்றியவன். ஆனால் குத்திய கை வேறு யாருடையதும் இல்லை, என் கைதான்."

ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். தெய்வம் செய்தது, நான் செய்தேன். நாம்தான் இடையில் 'அல்லது' போட்டுக்கொண்டு அல்லாடுகிறோம். எனக்குத் தெரிந்தவரை மொத்தக் கிரேக்கத் துன்பியலையும் திறக்கும் சாவி இந்த இரண்டு வரிதான், கீழே வரும் பதில்கள் பலவற்றில் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

அப்பனைக் கொல்வாய் என்று கேட்ட பிறகு எந்தக் கிழவனையும் அடிக்காமல், எந்த மூத்த பெண்ணையும் கட்டாமல் இருந்திருக்கலாமே?

வகுப்பில் கேட்டால் கைதட்டு வாங்கும் கேள்வி. நானும் ஒரு காலத்தில் இதைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் அவன் நிலையில் நின்று பாருங்கள். அவனுக்கு அப்பா கொரிந்தில் இருக்கிறார், அம்மா கொரிந்தில் இருக்கிறார், பெயரும் முகமும் தெரியும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அந்த இடத்தை விட்டு ஓடுவான், உலகத்தில் உள்ள நரைத்த தலைகளையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். அவன் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவன் எடுத்தது நல்ல முடிவு, கொஞ்சம் தியாகமான முடிவும்கூட, ஏனென்றால் ஒரு ராஜ்யத்தை விட்டுவிட்டுப் போகிறான். கொடுமை என்னவென்றால் அந்தத் தகவலே தப்பு. குடிகாரன் கிளப்பிய சந்தேகம் அவன் மனசில் இருந்தது, அதைத் தீர்க்கத்தான் டெல்ஃபிக்கே போனான், ஆனால் புது வாக்கைக் கேட்ட அதிர்ச்சியில் பழைய சந்தேகம் பின்னுக்குப் போய்விட்டது. அங்கே சறுக்கினான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தக் கேள்வியைப் பல வருடம் கழித்து சோஃபக்ளீஸே எடுத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு, கி.மு. 401இல் மேடையேறிய நாடகத்தில், கிழட்டுக் குருடனாக ஏதென்ஸ் அருகே கொலோனஸ் வந்து சேரும் ஈடிபஸ் தனக்காகத் தானே வாதாடுகிறான். என் செயல்கள் நான் செய்தவை என்பதைவிட நான் பட்டவை என்பதே சரி என்கிறான். மைத்துனன் கிரியோனைப் பார்த்து அவன் கேட்கும் கேள்வி இது: இங்கேயே, இப்போதே ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், நீ என் அப்பாவா என்று விசாரித்துவிட்டா கையை ஓங்குவாய்? கிரியோனிடம் இதற்குப் பதில் இல்லை.

அரிஸ்டாட்டில் சொன்ன 'ஹமார்ஷியா' என்பது நாயகனின் குணக்குறைதானே? ஈடிபஸின் குறை ஆணவம் என்று படித்தோமே.

தேர்வுக்கு எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், அவ்வளவுதான். ஹமார்ஷியா என்ற சொல் குறி தவறுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது, அம்பு எய்கிறோம், படவில்லை. குணத்தில் ஓட்டை என்பதைவிட, யார் என்று தெரியாமல், என்ன என்று தெரியாமல் செய்துவிடும் பிசகு என்ற பொருளே அதற்கு நெருக்கம். அறவியல் பற்றிய தன் நூலில் அரிஸ்டாட்டில், தெரியாமல் செய்யும் செயலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறார்: ஒருவன் ஓர் ஆளை அடிக்கிறான், அடிபடுவது மனிதன் என்று தெரியும், தன் அப்பா என்று தெரியாது. அவர் மனசில் யார் இருந்திருப்பார் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

இன்னொன்று. சோஃபக்ளீஸ் இறந்தபோது அரிஸ்டாட்டில் பிறக்கவே இல்லை. அவருடைய நாடக இலக்கணத்தை மனப்பாடம் செய்துகொண்டு நாடகம் எழுதியவர் யாரும் அந்த மூவரில் கிடையாது.

ஆணவம் என்று நாம் மொழிபெயர்க்கும் 'ஹூப்ரிஸ்' ஏதென்ஸில் வழக்குப் போடக்கூடிய குற்றம். ஒருவனை அவமானப்படுத்துவதற்காகவே அடிப்பது, கேவலப்படுத்துவது அதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் மூன்று பாதைச் சந்தியில் முதலில் ஹூப்ரிஸ் செய்தது வண்டியில் வந்த கிழவர்தான். ஈடிபஸுக்குக் கோபம் சட்டென்று வரும், அது உண்மை. சாதுவாக இருந்திருந்தால் மட்டும் அப்போலோ தன் வாக்கை வாபஸ் வாங்கியிருப்பானா என்ன?

லாயஸாவது தப்பித்திருக்க முடியுமா?

யார் எழுதிய நாடகம் என்பதைப் பொறுத்தது. சோஃபக்ளீஸிடம் லாயஸுக்கு வரும் வாக்கில் 'இப்படிச் செய்தால்' என்ற நிபந்தனையே இல்லை, உனக்கு இதுதான் என்று முடிந்துவிடுகிறது. ஆனால் கி.மு. 467இல் ஈஸ்கிலஸ் இதே குடும்பத்தை வைத்து எழுதியபோது, அப்போலோ மூன்று முறை லாயஸிடம் சொல்கிறான்: பிள்ளை பெறாமல் செத்துப் போ, உன் ஊர் பிழைக்கும். அது வாய்ப்பு. லாயஸ் கேட்கவில்லை.

அதே நாடகத்தில் லாயஸின் பேரன் எடியோக்ளிஸ் நிற்கும் இடம் இன்னும் கூர்மையானது. தீப்ஸுக்கு ஏழு வாயில்கள். ஒவ்வொரு வாயிலையும் எதிரியின் எந்த வீரன் தாக்க வருகிறான் என்று ஒற்றன் சொல்லச் சொல்ல, அதற்குப் பொருத்தமான ஆளை எடியோக்ளிஸ் சொல்லிக்கொண்டே வருகிறான். முதல் வாயில், இரண்டாவது, மூன்றாவது என்று நிதானமாகப் போகிறது. ஏழாவதில் நிற்பது அவனுடைய சொந்தச் சகோதரன் பாலினைசிஸ். இருவரையும் அப்பன் ஈடிபஸ் ஏற்கெனவே சபித்திருக்கிறான். ஊர்ப் பெண்கள் போகாதே, வேறு ஆளை அனுப்பு என்று மன்றாடுகிறார்கள். ராஜாவுக்கு ராஜா, சகோதரனுக்குச் சகோதரன், பகைவனுக்குப் பகைவன், என்னைவிட உரிமை யாருக்கு என்கிறான். கடைசியில் "தெய்வங்கள் கொடுக்கும்போது கேட்டிலிருந்து தப்ப முடியாது" என்று சொல்லிவிட்டுப் போகிறான். சாபம் தள்ளுகிறதா, அவனே ஆசையோடு போகிறானா? அந்தப் பெண்கள் அவனிடம் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

கிரேக்கர்கள் சொல்லும் விதியும் நம் ஊழும் ஒன்றா?

சொல் அளவில் வியப்பான ஒற்றுமை உண்டு. கிரேக்கத்தில் 'மொய்ரா' என்றால் முதலில் பங்கு, ஆளுக்குப் பிரித்துத் தந்த கூறு. அதிலிருந்துதான் விதி என்ற பொருள் வந்தது. தமிழிலும் 'பால்' என்றால் பகுதி, ஊழ் என்றும் பொருள். மொய்ராவோடு இன்னும் சில சொற்களும் உண்டு: 'அனாங்கே' தவிர்க்க முடியாத கட்டாயம், 'டியூகே' தற்செயல். நாம் எல்லாவற்றையும் விதி என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஆனால் யொகாஸ்டா, மனித வாழ்வை ஆள்வது தற்செயல்தான், அதனால் முடிந்தபடி, போகிறபோக்கில் வாழ்வதே மேல் என்று சொல்லும்போது, அவள் விதியைப் பற்றியே பேசவில்லை, விதி என்று ஒன்று இல்லை என்கிறாள்.

"ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினும் தான்முந் துறும்" என்ற குறளை ஈடிபஸ் கதைக்கு அடிக்குறிப்பாகவே போடலாம், தப்பிக்க வேறு வழி யோசித்தாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஆனால் காரணம் என்று வரும்போது இரண்டும் பிரிகின்றன. சிலம்பில் கோவலன் சாவுக்கு முற்பிறவிக் கணக்கு ஒன்று சொல்லப்படுகிறது: அவன் பரதனாக இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். ஈடிபஸுக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. லாயஸ் செய்த பழைய பாவம் ஒன்று பற்றிய கதை கிரேக்கத்தில் உண்டு, ஆனால் சோஃபக்ளீஸ் அதை இந்த நாடகத்தில் வாயெடுத்தும் சொல்லவில்லை. ஏன் இவனுக்கு என்ற கேள்வி அப்படியே தொங்குகிறது. முற்பிறவிக் கணக்கு கேட்டுப் பழகிய நமக்கு இது எரிச்சலாகவே இருக்கும்.

தெய்வங்களின் அரசன் ஜீயஸால் விதியை மாற்ற முடியுமா?

நேரான பதில் இல்லை. பழங்கவி ஹோமரின் இலியட் காவியத்தில், ஜீயஸ் தன் மகன் சர்பீடன் சாக வேண்டிய நேரத்தில் காப்பாற்றலாமா என்று யோசிக்கிறார். மனைவி ஹீரா, செய்யுங்கள், ஆனால் மற்ற தெய்வங்கள் ஒப்புக்கொள்ளாது என்கிறாள். அவர் விட்டுவிடுகிறார். முடியாது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மகளைப் பலிகொடுத்த அகமெம்னனுக்கு வேறு வழி இருந்ததா?

ஈஸ்கிலஸின் கி.மு. 458ஆம் வருட முத்தொடர் இதில்தான் தொடங்குகிறது. அகமெம்னன் தலைமையில் டிராய் நகர் மேல் போருக்குப் புறப்பட்ட கிரேக்கக் கப்பல்கள் ஆலிஸ் துறைமுகத்தில் எதிர்க்காற்றால் முடங்கிக் கிடக்கின்றன. கயிறுகள் இற்றுப்போகின்றன, ஆட்கள் பட்டினி. ஆர்ட்டெமிஸ் தேவதையின் கோபம் தணிய மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடு என்கிறான் குறிசொல்லி. அகமெம்னன் தரையில் கோலால் அடித்து அழுகிறான்: கேட்காவிட்டால் பாரமான கேடு, என் வீட்டின் அணிகலனை வெட்டினாலும் பாரமான கேடு, படையை விட்டு ஓடியவன் என்ற பெயரை எப்படி எடுப்பேன்?

அடுத்து வரும் வரியில்தான் விஷயம் இருக்கிறது. அவன் 'கட்டாயம்' என்ற நுகத்தின் பூட்டாங்கயிற்றை மாட்டிக்கொண்டான் என்று கோரஸ், அதாவது நாடகத்தில் சேர்ந்து பாடும் ஊர்ப் பெரியவர்கள் குழு, பாடுகிறது. மாட்டினார்கள் என்று இல்லை, மாட்டிக்கொண்டான். சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வதற்கும் கிரேக்கர்கள் சொல்லும் வினைதான் அது. மாட்டிக்கொண்டதும் மனசு திரும்பி எதையும் செய்யத் துணிகிறான். கட்டாயம் வெளியிலிருந்து வருகிறது, கழுத்தைக் கொடுப்பது இவன். நம் ஊர் மாடுகூடப் பூட்டும் நேரத்தில் ஒருமுறை தலையை உதறும்.

மகளின் வாயைக் கட்டுகிறார்கள், குடும்பத்தைச் சபித்துவிடக் கூடாதே என்று. குங்குமப்பூ நிற ஆடை தரையில் வழிய, வெட்ட நிற்பவர்கள் ஒவ்வொருவரையும் பார்வையால் கெஞ்சுகிறாள். அப்பா வீட்டு விருந்துகளில் அவர்கள் நடுவே பாடியவள் அவள். இதைப் பார்த்த பிறகு, அவனுக்கு வேறு வழியில்லை என்று முழு மனசோடு சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, வேறு வழி இருந்தது என்றும் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

பத்து வருடம் கழித்து வெற்றியோடு திரும்புகிறவனை மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா வெட்டிக் கொல்கிறாள். அப்புறம், கொன்றது நானில்லை, இந்தக் குலத்தைப் பிடித்த பழிவாங்கும் பேய்தான் என் உருவத்தில் வந்து செய்தது என்கிறாள். கோரஸ் கிழவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? நீ குற்றமற்றவள் என்று யார் சாட்சி சொல்வார்கள்? வேண்டுமானால் அந்தப் பேய் உனக்குக் கூட்டாளியாக இருந்திருக்கலாம். பேய் இருப்பதை அவர்கள் மறுக்கவே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், உன் பங்கு உன் பங்குதான்.

தெய்வம் செய்ததற்கு மனிதனை எப்படிக் குற்றம் சொல்வது? இது அநியாயம் இல்லையா?

இது நாடகக்காரர்கள் கண்டுபிடித்த சிக்கல் இல்லை, ஹோமரிலேயே இருக்கிறது. வீரன் அக்கிலீஸுக்குப் போர்ப் பரிசாகக் கிடைத்த பெண்ணைப் பறித்த அகமெம்னன் பின்னால் சமாதானம் பேசும்போது, நான் காரணமில்லை, ஜீயஸும் மொய்ராவும் இருளில் நடக்கும் எரின்யஸ் என்ற பழிவாங்கும் தேவதையும்தான் என் புத்தியைக் கெடுத்தார்கள் என்கிறான். அதே வாயால், ஆகவே நஷ்டஈடு தருகிறேன் என்றும் சொல்கிறான். 'ஆகவே தரமாட்டேன்' என்று சொல்லவில்லை. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் தொடக்கத்தில் ஜீயஸின் புலம்பல் நேர் எதிர்: மனிதர்கள் எல்லாத் துன்பத்துக்கும் எங்களைக் குறை சொல்கிறார்கள், ஆனால் தங்கள் திமிரால் பங்குக்கு மேலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏதென்ஸ் சட்டமும் இதைப் பிரித்துப் பார்த்தது. கொலை வழக்குகளுக்குத் தனித்தனி மன்றங்கள் இருந்தன: வேண்டுமென்றே செய்ததற்கு அரியோபகஸ், தெரியாமல் நடந்ததற்கு பல்லாடியன், கொன்றேன் ஆனால் சட்டப்படி சரி என்று வாதாடுபவனுக்கு டெல்ஃபினியன். கல்லோ கட்டையோ மேலே விழுந்து ஆள் செத்தால் அந்தக் கல்லை விசாரிக்கவும் ஒரு மன்றம் உண்டு, தீர்ப்பு வந்ததும் கல்லை எல்லைக்கு வெளியே போட்டுவிடுவார்கள். சிரிப்பு வரும், ஆனால் இங்கே ஒரு விஷயம் தெளிகிறது. ரத்தக்கறையால் வரும் தீட்டு ஒன்று, குற்றம் வேறு. தீட்டுக்கு நீ வேண்டுமென்றே செய்தாயா என்ற கணக்கே இல்லை. ஈடிபஸ் குற்றவாளியா என்று நாம் கேட்கிறோம், ஆனால் அவன் ஊருக்கு அவன் முதலில் தீட்டு.

சோஃபக்ளீஸின் ஆண்டிகனி நாடகத்தில் விதி எங்கே இருக்கிறது?

கொஞ்சமாகத்தான், அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். தடையை மீறிச் சகோதரன் பாலினைசிஸின் பிணத்தின் மேல் மண் தூவிய ஈடிபஸின் மகள் ஆண்டிகனியை, இப்போது அரசனாக இருக்கும் கிரியோன் உயிரோடு குகையில் அடைக்கிறான். டைரீசியஸ் வந்து மிரட்டிய பிறகு பயந்து மனசு மாறுகிறான். ஊர்ப் பெரியவர்கள் வரிசையைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: போய் முதலில் குகையிலிருந்து பெண்ணை விடு, அப்புறம் கிடக்கும் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. கிரியோன் போகிறான். தூதன் வந்து நடந்ததைச் சொல்லும்போதுதான் தெரிகிறது, வரிசை மாறிவிட்டது. முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மேடு கட்டி, அதற்கப்புறம் குகைக்குப் போயிருக்கிறார்கள். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். இதற்கு எந்த அருள்வாக்கும் தேவைப்படவில்லை.

யூரிபிடிஸ் விதியை நம்பாதவர் என்கிறார்களே?

அப்படி ஒரே அடியாகச் சொல்ல முடியாது. கி.மு. 428இல் முதல் பரிசு வாங்கிய ஹிப்போலிடஸ் நாடகத்தில், காமதேவதை அஃப்ரோடைட்டி மேடைக்கு வந்து, தன்னை மதிக்காத ஹிப்போலிடஸை இன்றைக்கு எப்படி அழிக்கப்போகிறேன் என்று திட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். அவனுடைய சிற்றன்னை ஃபீட்ரா அவன்மேல் ஆசைப்படும்படி செய்தாயிற்று. ஆனால் ஃபீட்ரா பேசுவதைக் கேளுங்கள்: மறைக்கப் பார்த்தேன், அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, சாவதென்று முடிவெடுத்தேன் என்று வரிசையாகச் சொல்கிறாள். நோய் தேவதை தந்தது, வைத்தியம் இவள் தேடியது.

ஹிப்போலிடஸ் பக்கத்தில் இன்னொரு நல்ல முடிச்சு. ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்று தாதியிடம் சத்தியம் செய்துவிட்டு, பின்னால் கோபத்தில் "நாக்குதான் சத்தியம் செய்தது, மனசு செய்யவில்லை" என்று கத்துகிறான். ஆனால் அப்பா தீசியஸ் பழி சுமத்தித் துரத்தும்போது, வாயைத் திறந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்தும், அந்தச் சத்தியத்தை மீறவில்லை. அவன் சாவில் தேவதையின் கையும் இருக்கிறது, அவனுடைய வைராக்கியமும் இருக்கிறது.

அவருடைய மெடியா நாடகத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். என்ன கொடுமை செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும், என் யோசனையைவிட என் கோபம் பெரிது என்று மெடியாவே சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளைக் கொல்கிறாள். மூன்று பேர் போட்டியிட்ட அந்த வருடம், கி.மு. 431இல், யூரிபிடிஸுக்குக் கிடைத்தது மூன்றாமிடம்.

முடிவு தெரிந்த கதையை எதற்கு உட்கார்ந்து பார்த்தார்கள்?

முழுசாகத் தெரியாது என்பதுதான் உண்மை. ஒடிசியில் வரும் பழைய கதையில், உண்மை வெளிப்பட்டு அம்மா தூக்குப் போட்டுக்கொண்ட பிறகும் ஈடிபஸ் தீப்ஸை ஆண்டுகொண்டுதான் இருக்கிறான், கண்ணைக் குத்திக்கொண்ட பேச்சே அங்கே இல்லை. ஆக, கொலையும் திருமணமும் தெரியும், எப்படி வெளியே வரும், வந்தால் இவன் என்ன செய்வான் என்பது தெரியாது. கொரிந்திலிருந்து வரும் தூதன் ஈடிபஸின் பயத்தைப் போக்குவதாக நினைத்து "கவலைப்படாதே, பாலிபஸ் உன் அப்பாவே இல்லை" என்று சிரித்த முகமாகச் சொல்லும் இடத்தில், அரங்கமே மூச்சைப் பிடித்திருக்கும்.

கிரேக்கர்களிடம் 'சுதந்திர விருப்பம்' என்று ஒரு கருத்து இருந்ததா?

நாடகக்காரர்களின் காலத்தில் அப்படி ஒரு கலைச்சொல் இல்லை. விரும்பிச் செய்தான், விரும்பாமல் செய்தான், பொறுப்பாளி, இந்த மாதிரிச் சொற்கள்தான் அவர்கள் கையில் இருந்தன, நீதிமன்றத்திலும் அவைதான் புழங்கின. எல்லாம் விதி என்றால் முயற்சி எதற்கு என்று முறையாக மோதிக்கொண்டது பின்னால் வந்த தத்துவவாதிகள். நோய் தீர வேண்டும் என்று விதி இருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் தீரும், கூப்பிடாவிட்டாலும் தீரும் என்று ஒரு 'சோம்பேறி வாதம்' அப்போது பிரபலம். ஸ்டோயிக் பள்ளியைச் சேர்ந்த கிரைசிப்பஸ் அதற்கு லாயஸையே பதிலாக எடுத்துக்கொண்டார். லாயஸுக்கு ஈடிபஸ் பிறப்பான் என்று விதி இருந்தால், 'லாயஸ் பெண்ணோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பிறப்பான்' என்று சொல்ல முடியுமா? சேர்வதும் விதியோடு சேர்ந்தே வருகிறது. வைத்தியரைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நோயாளிக்கு இது ஆறுதல், லாயஸுக்கு இல்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஈடிபஸ் மன்னன், அடுத்து ஆண்டிகனி, அப்புறம் ஈஸ்கிலஸின் அகமெம்னன். மூன்றாவது கஷ்டம்தான், கோரஸ் பாட்டுகள் பக்கம் பக்கமாகப் போகும், முதல் வாசிப்பில் பாதி புரியாது, பரவாயில்லை.

நடக்கப்போவது முழுசாகத் தெரிந்த ஒருவருக்கு என்ன சுதந்திரம் மிச்சம் இருக்கும்?

அகமெம்னன் நாடகத்தில் கசாண்ட்ராவைப் பாருங்கள். டிராயிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவள். அப்போலோவை ஏமாற்றியதால், வருவதெல்லாம் தெரியும், ஆனால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற தண்டனை. உள்ளே போனால் வெட்டுவார்கள் என்று தெரிந்தே அரண்மனை வாசலில் நிற்கிறாள். கையில் இருந்த குறிசொல்லும் கோலையும் கழுத்து மாலையையும் பிடுங்கித் தரையில் எறிகிறாள். இவ்வளவு தெரிந்தும் பலிபீடத்துக்கு நடக்கும் மாடு மாதிரி எப்படித் துணிந்து போகிறாய் என்று கிழவர்கள் கேட்கிறார்கள். தப்பிக்க வழியில்லை, நேரம் முடிந்துவிட்டது என்கிறாள். அவர்களும் விடவில்லை, கடைசி நேரமாவது மிச்சம் இருக்கிறதே, அதற்குத்தானே மதிப்பு அதிகம் என்கிறார்கள். வாசல் வரை போகிறாள். சட்டென்று பின்வாங்குகிறாள். என்ன ஆயிற்று? வீடு ரத்த வாடை அடிக்கிறது என்கிறாள். அது அடுப்படியில் பலியிட்ட வாடைதான் என்கிறார்கள். இல்லை, கல்லறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். இன்னும் சில வார்த்தைகள் பேசுகிறாள். அப்புறம் தானாகவே உள்ளே போகிறாள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.